பதினெட்டாம் தேதிக் கப்பல்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று மூன்று வாசகர்கள் கார்டு போட்டிருக்கிறார்கள். மூன்றே பேர். ஒருவர், 'உடம்புக்கு ஒன்றுமில்லையே?' என்று அன்பாக விசாரித்திருக்கிறார். இன்னொருவர், 'இதே போல் அடிக்கடி ஓய்வெடுத்துக்கொள்ளவும்' என்று எழுதியிருக்கிறார். அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. பத்தி கொடுக்க வேண்டிய சனிக்கிழமை காலையில் நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் கையாட்டிக்கொண்டு நின்றேன். அது ஏன் என்று சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் இந்த வாரமும் பக்கம் காலி. வேறு வழி?

என் தங்கை கிரேஸ். நர்ஸ் வேலை பார்த்தவள். மாப்பிள்ளை கொழும்பில் பள்ளிக்கூட வாத்தியார். தலைப்பிரசவத்துக்கு விருதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்து ஆறு மாதமும் ஆகிவிட்டது. மாப்பிள்ளை இன்னும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டோ எடுத்து அனுப்பினோம். ஸ்டூடியோக்காரர் மையால் புருவம் திருத்தியதில் குழந்தை ரிட்டயரான தாசில்தார் மாதிரி இருந்தது. 'போட்டோ கிடைத்தது. இது யார்?' என்று பதில் வந்தது.

தாயும் பிள்ளையும் இலங்கைக்குள் நுழைய பெர்மிட் வேண்டும். மனுவுக்கு மேல் மனுப் போட்டு, மாப்பிள்ளை அங்கே ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, ஒரு வழியாகப் பெர்மிட் வந்தது. இந்த மாதக் கடைசியோடு அது காலாவதி. அதற்குள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரே ஒரு கப்பல்தான். அதை விட்டால் மறுபடியும் மனு. மறுபடியும் எத்தனை மாதமோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

டிக்கெட்டும் வந்தது. பதினெட்டாம் தேதி, மாலை மூன்று மணிக்குள் துறைமுகத்தில் இருக்க வேண்டும். தேதி இருந்ததே தவிர கிழமை இல்லை. நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை" என்று அறிவித்தேன். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் நான் புரூஃப் பார்க்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். தேதி, கிழமை விஷயத்தில் எங்கள் வீட்டில் என் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. அன்றிலிருந்து அது 'வெள்ளிக்கிழமைக் கப்பல்' ஆகிவிட்டது.

பிறகுதான் மழை பிடித்தது. ஐந்து நாள் விடாத மழை. வானம் பார்த்த பூமி என்று நம் சீமைக்குப் பெயர். அந்த ஐந்து நாளும் வானம் பூமியைப் பார்த்தது. கண்மாய்கள் உடைந்தன. சாத்தூருக்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துக்கொண்டு போய்விட்டது. ரயில் இல்லை, பஸ் இல்லை, தபால் இல்லை, பேப்பரும் இல்லை.

வியாழக்கிழமை விடியற்காலையில் மழை விட்டது.

"இன்னைக்கே கெளம்பிருவமாண்ணே?" என்றாள் கிரேஸ்.

"எதுக்கு? நாளைக்கு மூணு மணிக்குத்தானே? ரோட்டுல தண்ணி வடியட்டும்" என்றேன். என்ன ஒரு நிதானம் பாருங்கள்.

ரயில் இல்லாததால் கார் வேண்டியிருந்தது. எங்கள் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் அடிக்கிற கம்பெனி முதலாளி ஒருவர் தம் பிளஷர் காரைக் கொடுத்தார். அவர் டிரைவருக்கு ஜுரம். தீபாவளி முடிந்து லாரிகளுக்கு வேலை இல்லாத சமயம் என்பதால், பட்டாசு லோடு ஓட்டுகிற மூக்கையாவை அனுப்பிவைத்தார். என் வயதுதான் இருக்கும். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்றவர் முதல் காரியமாக என் முன்னால் கையை நீட்டினார்.

"தீப்பெட்டியக் குடுங்க அண்ணாச்சி. சிகரெட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்."

"கார்ல பட்டாசு ஏதும் இல்லையேய்யா?"

"இல்லதான். பழக்கம்."

தீப்பெட்டி அவர் சட்டைப் பைக்குள் போயிற்று. ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்து அனுப்புகிற சீமையில், பற்றவைக்காத சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு எழுபது மைல் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவர் ஓட்டுகிற அழகு இருக்கிறதே... மாட்டுவண்டிகள் மரியாதைக்காக எங்கள் பின்னால் வந்தன. பிரேக்கைச் சட்டென்று போட மாட்டார். பள்ளத்தைக் கண்டால் காரைக் கிட்டத்தட்ட நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றுவார். பின் சீட்டில் குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

சாத்தூர்ப் பாலத்தில் நின்று பார்த்தால் வைப்பாறு இரு கரையும் தொட்டுக்கொண்டு செம்மண் நிறத்தில் போகிறது. பாலம் உயரம்; கடந்துவிட்டோம். எட்டயபுரம் போகிற வழியில் ஓர் ஓடை. பாலம் கிடையாது, தாம்போதிதான். சாதாரண நாளில் ரோடே ஓடைக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறும். இப்போது ரோட்டைக் காணோம். ஐம்பது அறுபது கஜத்துக்குக் கலங்கல் தண்ணீர். இரு பக்கமும் நட்டிருந்த வெள்ளைக் கல்லில் தலை மட்டும் தெரிந்தது. ஊர்க்காரர்கள் பத்துப் பேர் கரையில் உட்கார்ந்து, எந்தக் கார் முழுகப்போகிறது என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூக்கையா என்ஜினை நிறுத்தினார்.

"என்னய்யா?"

"தண்ணி வடியட்டும் அண்ணாச்சி."

மணி பத்தரை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ராகுகாலம் பாக்கீகளா?"

"தண்ணிக்கு ஏது அண்ணாச்சி ராவுகாலம்? அடியில ரோடு இருக்கா இல்லையான்னு தெரியலையே."

"கல்லுத்தான் தெரியுதுல்ல. ரெண்டு கல்லுக்கும் நடுவுல விடுங்க. அஞ்சு நிமிசம்."

"கல்லு நிக்குதுன்னா கல்லு நிக்குதுன்னுதான் அர்த்தம்."

"கப்பல் போயிருமேய்யா."

"கப்பல் தண்ணியில மெதக்கும். பிளசரு மெதக்காது அண்ணாச்சி."

கிரேஸ் சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்க என்ன, இம்புட்டுப் பயந்த ஆளா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் கோபப்படவில்லை. "ஆமா. எங்க தொழில்ல பயந்தவுகதான் இன்னும் ஓட்டுதோம்" என்றார்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. "நானே நடந்து காட்டுறேன், பாருங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். மூக்கையா மறுக்கவில்லை. டிக்கியிலிருந்து கயிற்றை எடுத்து என் இடுப்பில் கட்டி, மறுமுனையை ஊர்க்காரர் நாலு பேரிடம் கொடுத்தார். கையில் ஒரு கம்பும் கொடுத்தார். சந்தைக்குப் போகிற ஆட்டுக்கிடா மாதிரி இறங்கினேன்.

முழங்கால். தொடை. அடியில் கெட்டியான தார் ரோடு. பாதி தூரம் வந்ததும் திரும்பி, 'பார்த்தீரா?' என்கிற தோரணையில் கையை உயர்த்தினேன். அடுத்த இடது காலை வைத்தேன். வைக்க இடமில்லை.

கம்பு போயிற்று. கண்ணுக்குள், மூக்குக்குள் எல்லாம் ஓடை. இடுப்பில் கயிறு சுண்டி இழுத்தது ஒன்றுதான் நினைவிருக்கிறது. கரையில் போட்டபோது குடித்த ஓடையை இருமி இருமித் துப்பினேன். தாம்போதியின் இடது பாதியைத் தண்ணீர் அடியோடு தின்றிருந்தது. நான் சொன்ன 'நடுவுல' விட்டிருந்தால், இடது சக்கரங்கள் அங்கே இறங்கியிருக்கும். இடது பக்கப் பின் சீட்டில் கிரேஸ், மடியில் குழந்தை.

எனக்குப் பயம் அப்போதுதான் வந்தது. ஈர வேட்டியோடு போய்க் குழந்தையைப் பார்த்தேன். அது விழித்துக்கொண்டு என் மூக்கைப் பிடித்தது. அதற்கப்புறம் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சுற்றிப் போகலாமா என்றால், கரிசல் காடு. ரோட்டை விட்டு ஒரு முழம் இறங்கினால் பொங்கலுக்குத்தான் காரை வெளியே எடுக்கலாம். ஆகவே உட்கார்ந்திருந்தோம். ஒரு மணிக்கு மேல் தண்ணீர் கெண்டைக்கால் அளவுக்கு வடிந்தது. மூக்கையா தாமே இறங்கி வலது பக்கத்தை முழுக்க நடந்து, அடிக்கு அடி கம்பால் குத்திப் பார்த்தார். நல்ல ரோட்டுக்கு அடையாளமாக ஊர்க்காரர்களை வரிசையாக நிறுத்தினார். பானெட்டைத் திறந்து, விசிறி தண்ணீரை வாரி என்ஜின்மேல் அடிக்காமலிருக்க பெல்ட்டைக் கழற்றினார்.

பிறகு, "லோடை எறக்குங்க" என்றார்.

"என்ன லோடு?"

"தங்கச்சி, பாப்பா, பெட்டி, நீங்க. மோசமான எடத்துல லோடைத் தலைச்சுமையாக் கொண்டு போயிரணும். வெறும் வண்டி பின்னால வரும். இது எங்க கம்பெனிச் சட்டம்."

அப்படியே நடந்தது. டிரங்குப் பெட்டி ஒரு தலையில், படுக்கை ஒரு தலையில். கிரேஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்; குழந்தையை நான் ஏந்திக்கொண்டேன். காலி கார் முதல் கியரிலேயே, முக்கல் முனகலோடு வந்து கரையேறியது. ஏறியதும் பறந்துவிடவில்லை. பெல்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, பிரேக் உலரட்டும் என்று லேசாக மிதித்து மிதித்து ஒரு பர்லாங் ஊர்ந்தார்.

துறைமுகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி நாலரை.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். லாஞ்சில் ஏற்றிக்கொண்டு போய் விடுவார்கள். அந்த லாஞ்சு மூன்று மணிக்கு. கிரேஸ் காரை விட்டு இறங்கி, டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, கடலைப் பார்த்தாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நானும் மூக்கையாவும் கப்பல் ஆபீசுக்குள் ஓடினோம். குமாஸ்தா டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நேத்தைய டிக்கெட்லா சார்?"

"இல்லையே, பதினெட்டு. வெள்ளிக்கிழமை."

"பதினெட்டு சரி. நேத்து வியாழக்கிழமைலா பதினெட்டு? இன்னைக்குப் பத்தொம்பது."

"ஐயா, நான் காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவன்" என்றேன், கொஞ்சம் கம்பீரமாகவே.

அவர் சுவரைக் காட்டினார். தினசரிக் காலண்டர். பத்தொன்பது, வெள்ளி. அடியில் பொடி எழுத்தில் எங்கள் பிரஸ் பேர். போன வருஷம் புரூஃப் பார்த்ததும் நான்தான். அதில் ஒரு பிழை இல்லை.

அப்படியானால் என் வீட்டில் தொங்குவது?

உங்கள் வீட்டில் இந்த வருஷத்துக் காலண்டர் தொங்கும். காலண்டர் பிரஸ்காரன் வீட்டில்? ஆடி மாதமே அச்சான அடுத்த வருஷத்துச் சாம்பிள்! அடுத்த வருஷம் பதினெட்டு வெள்ளிக்கிழமைதான், சந்தேகமில்லை. நாலு மாதமாக அடுத்த வருஷத்திலேயே குடியிருக்கிறவனுக்கு இந்த வருஷத்தில் எந்தக் கிழமை நடக்கிறது என்று எப்படித் தெரியும்? பேப்பராவது வந்திருந்தால் தேதி கண்ணில் பட்டிருக்கும். அதுவும் இல்லை.

"அப்போ... கப்பல்?" என்றேன்.

"எங்கன போக? கடல் கெடந்த கெடப்புல நேத்து லாஞ்சே விடலை. நாளைக் காலைல ஏழு மணிக்குக் கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்தேன். "நாளைக்குக் காலைலதானாம். கடல் சரியில்லையாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கிரேஸ் அதுவரை அடக்கிவைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். "நமக்காகக் கடலே காத்துக்கிட்டு நின்னுருக்குண்ணே" என்றாள். "கர்த்தர் பெரியவர்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே?

மூக்கையா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"பத்த வைங்க அண்ணாச்சி. இப்ப வேணும் உங்களுக்கு."

சனிக்கிழமை காலையில் கடல் கெட்டிக்காரப் பிள்ளை மாதிரி அடங்கிக் கிடந்தது. லாஞ்சு கண்ணுக்கு மறைகிற வரை குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே போனாள் கிரேஸ். நான் பெரிய மனிதன்தான், ஆனாலும் அழுதேன்.

திரும்பி வரும்போது சாம்பிள் காலண்டர் கதையை மூக்கையாவிடம் சொல்லிவிட்டேன். அந்தத் தாம்போதியில் தண்ணீர் வடிந்திருந்தது. இடது பக்கத்துப் பள்ளம் பட்டப்பகலில் தெரிந்தது. ஒரு ஆள் நின்றால் தலை தெரியாது. மூக்கையா காரை நிறுத்தி, என்னை நன்றாகப் பார்க்கவிட்டார்.

"தப்பா நெனைக்காதீக, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"இங்கன நின்னு அஞ்சு நிமிசம், அஞ்சு நிமிசம்னு குதிச்சீகளே... அது எந்த வருசத்து அஞ்சு நிமிசம்?"

முந்தின நாளே புறப்பட்டிருக்க வேண்டிய கப்பலுக்காக, அடுத்த வருஷத்துத் தேதியை வைத்துக்கொண்டு, இந்த நிமிஷத்தில் பின் சீட்டில் தூங்கிய பிள்ளையை அந்தப் பள்ளத்தில் இறக்கப் பார்த்தேன். வெள்ளம் வடிந்த ரோட்டில் வண்டி ஓட்டப்போகிற அன்பர்களே, அவசரப்படுமுன் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், ரோட்டைப் பாருங்கள். என்னைப் போன்றவர்கள் கூடவே காலண்டரையும் பார்த்துக்கொள்வது நல்லது.

சாம்பிள் காலண்டரை அன்று சாயங்காலமே சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். ஜனவரி பிறக்கிற வரை அது பெட்டிக்குள்தான்.

நேற்றுக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. அப்பாவைக் கண்டதும் குழந்தை வீரிட்டு அழுததாம். கால் மணி நேரம் கழித்து அவர் மூக்கைப் பிடித்ததாம். 'அண்ணன் மட்டும் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்' என்று மாப்பிள்ளை தம் கையால் இரண்டு வரி நன்றி எழுதியிருக்கிறார்.

கிரேஸ், இந்தப் பத்திரிகை கொழும்பிலும் விற்கிறது என்று ஆசிரியர் சொல்கிறார். நீ படித்து முடித்ததும் இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு மாப்பிள்ளையிடம் கொடு, தாயே.