எடைக்கு வைத்த மூச்சு

பக்கத்துத் தீவிர சிகிச்சை அறையில் வென்டிலேட்டர் அலறியது. தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள் அந்தப் பயிற்சி டாக்டர். எந்நேரமும் இயந்திரத்தின் எண்களையே பார்ப்பதால் நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் ‘மீட்டர்’. கூடவே படித்துவந்த தோழிக்கோ ‘சிரிப்பு டாக்டர்’! அந்தப் பெயரைக் கேட்டாலே மீட்டருக்கு வயிறு எரியும்.

அலறியது தோழியின் நோயாளிக்கு வைத்த இயந்திரம். குட்டையான, பருத்த மனிதர். நிமோனியாவால் நுரையீரல் இறுகிப்போயிருந்தது.

“காத்து பிரஷர் எகிறுதும்மா” என்றார் நர்ஸ். “சிரிப்பம்மா எமர்ஜென்சிக்குப் போயிருக்காங்க. பெரிய டாக்டர் வேற ரவுண்ட்ஸ் வந்துட்டிருக்கார்.”

குழாய் மடங்கவில்லை. சளியை உறிஞ்சினாள், சத்தம் நிற்கவில்லை. திரையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தோழி எடையைக் கணக்கிட்டு மூச்சின் அளவை வைத்திருக்கிறாள்! உடம்பு பெருத்தால் நுரையீரலும் பெருக்குமா? உயரத்தை வைத்தல்லவா கணக்குப் போட வேண்டும்? தாங்கக்கூடியதைவிட இரண்டு மடங்குக்கு மேல் காற்று உள்ளே மோதிக்கொண்டிருந்தது.

அவள் நெஞ்சில் ஒரு பாழும் சந்தோஷம் துள்ளியது. பெரிய டாக்டர் பார்க்கட்டும். எல்லோர் முன்னாலும் அந்தச் சிரிப்பு கருகட்டும். கொஞ்ச நேரம் சும்மா நின்றாலே போதும்!

“என்னம்மா சிலையா நிக்கிறீங்க? நுரையீரல் கிழிஞ்சிடப் போகுது!”

ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் மார்பு விண்ணென்று தூக்கிப் போட்டது. பாவி மனம் பதறியது. மூச்சின் அளவில் பாதிக்கு மேல் குறைத்தாள்; அதை ஈடுகட்ட மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டினாள். அலறல் அடங்கியது.

பெரிய டாக்டர் வந்தார். திரையைப் பார்த்தார். அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே நுழைந்த தோழியிடம், “உன் பேஷன்ட்தானே? செட்டிங் அருமை!” என்று சொல்லி அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

மாறியிருந்த எண்களைப் பார்த்ததும் தோழியின் முகம் வெளுத்தது. “அடியே, நான் எடைக்குப் போட்டுட்டேனா?”

“ஆமாடி மகராசி. வாயைப் பார்க்காம ரத்தம் எடுத்து அனுப்பு. கார்பன் டை ஆக்சைடு ஏறுதான்னு பார்க்கணும்.”

நோயாளியின் மனைவியை உள்ளே விட்டார்கள். கணவர் அமைதியாகக் கிடப்பதைக் கண்டதும் தோழியின் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதார்.

“உங்க சிரிச்ச முகத்தைப் பார்த்தப்பவே எனக்குப் பாதி உயிர் வந்துடுச்சும்மா. நீங்கதான் காப்பாத்தினீங்க!”

“ஐயோ, நான் இல்லம்மா, இவதான்...”

“எவ்வளவு தன்னடக்கம் பாருங்க!” என்றவர் மீட்டர் பக்கம் திரும்பினார். “நீங்க மிஷின் பார்க்கிறவங்களா? கொஞ்சம் கவனமாப் பாருங்கம்மா.”

“சரிங்கம்மா” என்றாள் மீட்டர். வயிறு எரிந்தது.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்தபடி, தோழியை மட்டும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியேறினார். கதவு மூடிக்கொண்டது.