சுரங்கத்துக்குள் டிம் குடுத்தவன்

முதுகில் பையும் கையில் சோறு ஆக்கும் குக்கருமாக, என் முதலாளியாக இருந்த ஜான்னியின் காய்கறிக் கிடங்கை விட்டு நான் நடந்துகொண்டிருந்தேன். இத்தாலியின் வடமேற்குக் கடலோரத்தில் ஒரு மலைச்சாலை. அடுத்த ஊருக்கு வேனில் போனால் ஒரு சிகரெட் பற்றவைத்து அணைக்கும் நேரம்தான். நடுவில் ஒரு ‘கல்லேரியா’, அதாவது சுரங்கப்பாதை. ஆனால் அதற்குள் நடந்து போகக் கூடாது. நடப்பவன் ஒருவனை வரைந்து, அவனைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வாசலில் வைத்திருக்கிறார்கள். அதனால் சுரங்கம் வெட்டுவதற்கு முன்பிருந்த பழைய பாதையைப் பிடித்து மலைமேல் ஏறினேன். அந்தப் பாதையில் ஒரு ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. காலுக்குக் கீழே, மலையின் வயிற்றுக்குள், வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. முந்தின நாள்வரை அந்த வண்டிகளில் ஒன்று என் கையில் இருந்தது.

சுரங்கத்துக்குள் விளக்குப் போடும் சட்டம் எனக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பட்டப்பகலானாலும் முன்விளக்கு எரிய வேண்டும். எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும் பெரிய வெளிச்சம் கூடாது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் நான்கு சிக்னல் லைட்டையும் ஒன்றாகப் போட வேண்டும். விளக்கை அணைப்பது என்ற பேச்சே கிடையாது. லைசன்ஸ் பரீட்சைக்காக இதையெல்லாம் இத்தாலி மொழியில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். கண் கூச வைக்காத கீழ்வெளிச்சத்துக்கு ‘அனப்பல்யாந்தி’ என்று பெயர். காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் இந்த ஊரில் என்ன சொல்வார்கள் என்று தெரியாத நாளிலேயே அந்தச் சொல் எனக்குப் பாடம். இலங்கை மலையகத்தில் பூனாகலைப் பள்ளிக்கூடத்தைச் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னாலேயே விட்டவன் நான். பிறகு தோட்டத்து லொறி, கொழும்புக் கடை, குவைத், சைப்ரஸ் என்று அலைந்தேன். முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டைவரை நான் படித்த ஒரே புத்தகம் அந்த லைசன்ஸ் புத்தகம்தான்.

புத்தகம் தலைக்குள் போயிருந்தது. கைக்குப் போகவில்லை. கை பழகியது வேறு இடத்தில். பூனாகலையில் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறியை ஓட்டியவன் நான். பனி மூடினால் அங்கே பாதையும் பள்ளமும் ஒன்றுதான். இரண்டு வண்டிகள் வளைவில் எதிரெதிரே வந்தால், மலைப்பக்கம் இருப்பவன் ஒதுங்கி நின்று முன்விளக்கை அணைத்துவிட வேண்டும். பள்ளத்துப்பக்கம் வருகிறவனின் கண்ணில் வெளிச்சம் அடித்தால் அவனுக்கு ஓரம் தெரியாது. ‘நான் நின்றுவிட்டேன், நீங்கள் பயப்படாமல் வாங்க’ என்பதுதான் அதன் அர்த்தம். ‘டிம் குடுக்கிறது’ என்று சொல்வோம். தாண்டிப் போகிறவன் கையைத் தூக்கிக் காட்டுவான், அல்லது ஹோர்னை மெல்ல ஒரு தட்டுத் தட்டுவான். ஆள் யாரென்றே தெரியாது. தமிழரா, சிங்களவரா, பதுளையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளியா என்று முகம்கூடத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இந்த நாட்டில் எனக்கு ஒரு நாளில் எதிர்ப்படும் வண்டிகள், அங்கே ஒரு மாதத்திலும் வராது. ஆனால் ஒரு கைகூட உயர்ந்து நான் பார்த்ததில்லை.

சம்பவம் நடந்தது முந்தின நாள் நண்பகலில், ஜான்னியின் வேனில் காய்கறி கொண்டுபோகும்போது. அந்தச் சுரங்கம் பழையது. நடுவில் இடுங்கி, ஒரு வளைவும் உண்டு. கூரை விளக்குகளில் பாதி எரியவில்லை. வளைவில் நான் திரும்ப, எதிரே ஒரு சுற்றுலா பஸ் பாதையை அடைத்துக்கொண்டு வந்தது. நான் நன்றாக ஒதுங்கி, சுவரோடு ஒட்டி நின்றேன். பிறகு என் கை தானாகப் போய் விளக்கை அணைத்தது. பஸ்காரனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று இப்போது யோசித்தால் புரிகிறது: முன்னால் இருந்த வேன் திடீரென்று இல்லை. அவன் பிரேக் போட்டான். பஸ்ஸின் பின்பக்கம் இழுபட்டு வந்து வேனின் பக்கவாட்டை முகப்பிலிருந்து பின்கதவுவரை உரசித் தகரத்தைப் பிரித்தது. பஸ்ஸுக்குள் ஒரு முதியவருக்கு முன்சீற்றில் மோதி நெற்றி வீங்கிவிட்டது. அதற்குமேல் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

“ஏன் அணைத்தாய்?” என்று பொலிஸ்காரர் கேட்டார்.

“பெர் ரிஸ்பெத்தோ” என்றேன். மரியாதைக்காக. எனக்குத் தெரிந்த சொற்களில் அதுதான் கிட்ட வந்தது.

“யாருக்கு மரியாதை? சுரங்கத்துக்கா?”

“பஸ்ஸுக்கு.”

அவர் தன்னோடு வந்த பொலிஸ்காரரைப் பார்த்தார். பிறகு ஒரு குழாயை நீட்டி ஊதச் சொன்னார். ஊதினேன். குடித்திருக்கவில்லை என்று கருவி சொன்னதும் அவர் முகத்தில் குழப்பம் இன்னும் கூடியது. ஜான்னி கத்தவில்லை. வேனைச் சுற்றி வந்தார், தலையைச் சொறிந்தார். “நீ சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் இன்ஷூரன்ஸ்காரனிடம் இதை எந்தப் பாஷையில் சொல்வது?” என்றார். பிறகு சாவிக்காகக் கையை நீட்டினார். வேன் சாவியும் கிடங்கின் மேலிருந்த என் அறைச் சாவியும் ஒரே வளையத்தில்தான் இருந்தன.

வேலை போனால் இன்னொரு வேலை. அதற்கு நான் பழக்கப்பட்டவன். இந்த முறை பயம் வேறு. வருகிற தையில் தங்கச்சிக்குக் கல்யாணம். நான் இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை அதற்குள் முடிகிறது. கையில் வேலை ஒப்பந்தம் இருந்தால்தான் புதுப்பிப்பார்கள். புதுப்பித்தால்தான் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம். இல்லையென்றால், கல்யாணத்துக்குப் போகிறவன் போனவன்தான். பழைய பாதையின் உச்சியில் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. யோகனுக்கு அழைத்தேன். என்னோடு லொறி ஓட்டியவன். இப்போது ஊர்ப்பக்கம் பெரகல சந்தியில் ஆட்டோ வைத்திருக்கிறான்.

“என்னடா, வேல நேரத்துல கூப்புடுற?”

“வேல போயிருச்சுடா.”

“ஏன், மொதலாளிய அடிச்சிட்டியா?”

“டனலுக்குள்ள டிம் குடுத்தேன். பஸ்ஸு வந்து உரசிருச்சு.”

அவன் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. “அட பாவி! அவனுங்களுக்குப் போயி டிம் குடுத்தியா?”

“பழக்கத்துல கை போயிருச்சுடா.”

“என்ன பழக்கம்? இங்கயே இப்ப யாரு டிம் குடுக்குறா? அன்னைக்கு ஹல்துமுல்ல வளைவுல ஒதுங்கி நின்னு லைட்ட அணைக்கிறேன், ஒரு வேன்காரப் பய தலைய வெளிய நீட்டி, ‘லைட்டு இல்லாத ஆட்டோவ எதுக்கு ரோட்டுக்குக் கொண்டு வாறே’ன்னு ஏசிட்டுப் போறான். எல்லாம் வெள்ள லைட்டுடா. கண்ணப் புடுங்குது. நானும் ஒண்ணு வாங்கி மாட்டிட்டேன்.”

அவனே தொடர்ந்து கேட்டான்: “பேசாம வந்துர்றியா? தங்கச்சி கல்யாணத்தையும் பாத்த மாதிரி இருக்கும்.”

“வந்தா திரும்பிப் போக முடியாது.”

“அப்ப அங்கயே கெட. லைட்ட மட்டும் அணைக்காத.”

அழைப்பு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஒலிவ் மரங்கள். வேலை போனதைவிட யோகன் சொன்னதுதான் உறுத்தியது. எந்த ஊர் வழக்கத்துக்காக இங்கே வேலையை இழந்தேனோ, அந்த ஊரில் அந்த வழக்கம் இல்லை. அது என் ஒருவன் கையில் மட்டும் மிச்சமிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் பலருக்கு இது தெரிந்திருக்கும்: நாம் ஊரைவிட்டு வந்த அன்றைக்கு ஊர் எப்படி இருந்ததோ, அந்த ஊரைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறோம். இறங்கி நடந்தேன். அடுத்த ஊரில் முன்பு என்னோடு அறையில் இருந்த வங்காளி ஒருவர் படுக்க ஒரு கட்டில் தந்தார். பக்கத்திலுள்ள இன்னொரு கல்லேரியாவில் பழுதுபார்க்கும் வேலைக்கு ஆள் தேடுவதாகவும் அவர்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் போனேன். வேலையை மேற்பார்வை செய்யும் பெண்மணி என் காகிதங்களைப் பார்த்தார். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்றேன். தருவதாகச் சொன்னார். தை மாதத்துக்கு முன் வேலை முடிந்துவிடுமா என்று கேட்டேன். “சீக்கிரம் முடிவதா, இத்தாலியிலா?” என்று சிரித்தார். கையெழுத்துப் போட்டேன். மஞ்சள் சட்டை கொடுத்து, சுரங்க வாசலில் நிறுத்தி, எப்படி நிற்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு வழிதான் திறந்திருந்தது. ஒரு பக்கத்து வண்டிகளை மறித்து மறுபக்கத்தை விடுவது என் வேலை. கையில் பிடிக்க ஒரு கம்பு, அதன் நுனியில் தட்டு. ஒரு முகம் சிவப்பு, மறுமுகம் பச்சை. வரிசையில் நின்ற வண்டிகளுக்குப் பச்சையைத் திருப்பினேன். அவை ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போயின. தட்டுக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது சிவப்பு.