யாரும் பாடாத கேசட்

எண்பதுகளில் திருச்செங்கோட்டில் நான் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மாதாமாதம் வருவார். எழுபத்தேழில் வந்த வெளிநாட்டு இசை மட்டும் வேண்டும், அதிலும் யாரும் பாடியிருக்கக் கூடாது. பதிந்ததை ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்பார். ஒரு குரல் வந்தாலும் அழிக்கச் சொல்வார். எதிர்க்கடைக்காரன் வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்றே நினைத்தேன்.

“ஏனுங்க, பாட்டு ஆகாதுங்களா?” என்றேன்.

“ரிக் வண்டிக்குங்க. ஆளுங்க நாலு பாஷைக்காரங்க. எந்தப் பாட்டப் போட்டாலும் சண்டைங்க.”

ஆழ்துளைக் கிணறு போடுகிற ஆளின் சட்டையில் கல்தூசியே இல்லை!

“செரிங்க, எழுபத்தேழு மட்டும் எதுக்குங்க?”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “இன்னொருக்காப் போடுங்க சாமி” என்றார்.

பிறகு அவர் வரவேயில்லை. அதில் அப்படி எதைக் கேட்டார் என்ற சந்தேகம் தீர, அவருக்குக் கடைசியாகப் பதிந்த கேசட்டின் நகலை இன்றும் ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்கிறேன். ஒரு குரலும் வரவில்லை.