சைகோனுக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே ஒரு நூல்

என்னைவிடப் பெரிய மடையன் ஒருவன் புதுச்சேரியில் இருந்திருந்தால், முப்பதுகளில் நடந்த இந்தச் சங்கதி அவன் தலையில் விழுந்திருக்கும். இல்லாததால் என் தலையில் விழுந்தது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உலகம் முழுவதும் அத்துப்படி. நேரில் பார்த்தது விழுப்புரம் வரை.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். அவள் அப்பாவுக்குச் சைகோனில் உத்தியோகம். கப்பலில் வந்தால் தவக்காலம் பிறந்துவிடும். விபூதிப் புதன் முதல் ஈஸ்டர் வரை மாதா கோயிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளைக்கோ அதற்குள் லீவு முடிந்துவிடும். நல்லவேளையாக, அவருடைய ஆபீஸ் துரையின் தயவில் கல்கத்தா வரை விமானத்தில் இடம் கிடைத்ததாகத் தந்தி வந்தது. ஆனால் என்றைக்கு வீடு வந்து சேருவார் என்று அதில் இல்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே போனேன், தேசப்படத்தோடு.

சைகோன் விமான நிலையத்தின் மேல் நூலின் ஒரு முனை, கல்கத்தா டம்டம் நிலையத்தின் மேல் மறுமுனை. இழுத்துப் பிடித்து அளந்து, பேப்பரில் படித்த வேகத்தால் வகுத்தேன்.

"விடியக்காலம் ஏறினா ராத்திரி சாப்பாடு கல்கத்தாவுல, பெரிம்மா. அங்கேர்ந்து ரயிலு. ஞாயித்துக்கெழம வீட்டுல இருப்பாரு. திங்கக்கெழம காலையில கல்யாணத்த வைங்க!"

பெரியம்மா, அதாவது பெண்ணின் அம்மா, நம்பினாள். கோயில் சாமியாரும் நம்பினார். படித்தவன் பேச்சல்லவா?

ஞாயிறு ரயிலில் அவர் வரவில்லை. திங்கள் காலை மணப்பெண் வெள்ளை உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பெண் கோயிலுக்குள் நடக்க வேண்டும்; அது அந்தக் குடும்பத்து வழக்கம்.

"அவரு இல்லாம இவ படியேற மாட்டா" என்றாள் பெரியம்மா, என்னைப் பார்க்காமல். மாப்பிள்ளை வீட்டார் நன்றாகவே பார்த்தார்கள். விமானம் கடலில் விழுந்திருக்குமோ என்று யாரோ முணுமுணுக்க, பெண் அழத் தொடங்கிவிட்டாள். சமைத்ததை அக்கம்பக்கம் சாப்பிட்டது. நாளைக் காலை வரைதான் பொறுப்பேன், புதன் பிறந்தால் தவக்காலம் என்று சாமியார் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு, பெண் காத்து நின்ற வாசலில், ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டி ஒன்று வந்து நின்றது. கசங்கிய கோட்டும் காதில் பஞ்சுமாக மனிதர் இறங்கினார். விமானத்தின் இரைச்சலில் காது அடைத்துப்போனதால் ஊருக்கே கேட்கும்படி கத்தினார்:

"இருட்டுல எப்படிய்யா பறப்பான்? ரங்கூன்ல எறக்கி எல்லாரையும் படுக்கப் போட்டுட்டான்! கல்கத்தா வந்தா, ரயிலும் போயிடுச்சி!"

என் நூல் எங்கேயும் இறங்கவில்லை, தூங்கவுமில்லை. உலகத்தில் ராத்திரி என்று ஒன்று உண்டு என்பது பூகோள வாத்தியாருக்கு மறந்தே போயிருந்தது.

பஞ்சை எடுக்கக்கூட நிற்காமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே நடந்தார். கடைசி வரிசையில் நின்ற எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இன்றும் யாராவது இரண்டு ஊருக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால், அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். அன்று விருந்தில் மணப்பெண்ணிடம் போய், "கோவமாம்மா?" என்று அசடு வழிந்தேன்.

அவள் சிரிக்காமல் சொன்னாள்: "ஒங்க கல்யாணத்துக்கு நான் நாள் குறிக்கிறேண்ணே."