மலைக்கு மேஜை தூக்கினது யாரு?

நர்சிங் படிப்புல ஊசி போடறதுக்கு முன்னாடியே ஒண்ணு கத்துக்குடுக்கறாங்க: சீனியர் பேசறப்போ வாய மூடினு நிக்கறது. அந்தப் பாடத்துல நான் மூணு வருஷமா அரியர்ஸ். மிஷன் ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல காலைல ஜெபம், அப்புறம் பெட் மேக்கிங், அப்புறம் திட்டுன்னு வாழ்ந்தவங்க யாராவது இதப் படிச்சா, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

ஒத்த வரி

எங்க ஆஸ்பத்திரிக்கு ஆண்டு விழா மலர் போடறாங்க. பிழை பாக்கச் சொல்லி மேட்ரன் மேடம் எங்கிட்ட குடுத்தாங்க. சர்ச்சுக்காரங்க ஓட்டு வூட்ல ஆரம்பிச்சது, மொத டாக்டர் மாட்டு வண்டில வந்தது, நர்சிங் ஸ்கூல் வந்தது, ஊருக்கு ஊர் கிளை தொறந்தது, எல்லாம் பக்கம் பக்கமா இருந்தது. மலைக்கு மட்டும், "ஜவ்வாது மலையிலும் ஒரு கிளை இயங்கி வருகிறது." அவ்ளோதான். முற்றுப்புள்ளி.

எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. நான் போளூர் பக்கம். மலைலருந்து எறங்கற கேஸ் எல்லாம் எங்க ஊர் வழியாத்தான் போவும், சின்ன வயசுலருந்து பாத்துனு இருக்கறேன். "இன்னா மேடம் இது, பஸ் போர்டுல கூட இதவிட நெறைய எழுதறாங்க"ன்னு கேட்டுட்டேன். மேட்ரன் மேடம் கண்ணாடிய கழட்டினாங்க. அவங்க கண்ணாடிய கழட்டினா கேஸ் சீரியஸ்னு அர்த்தம். "கம்யூனிட்டி போஸ்டிங்னு கிராமத்து டியூட்டிக்கு அங்கதான போற? நீயே ரெண்டு பக்கம் எழுதினு வா. பதினஞ்சு நாள்ல வரலன்னா இந்த ஒரு வரிதான் அச்சுக்குப் போவும். எழுதற நேரமாவது உன் வாய் மூடியிருக்கும்."

பூசாரி வில்லியம்

ஜமுனாமரத்தூர்ல பஸ்ஸ வுட்டு எறங்கி, ஷேர் ஜீப்ல போனா எங்க கிளை. பெரிசா நெனைச்சுக்காதீங்க. பத்து கட்டில், ஒரு லேபர் ரூம், ஒரு செல்வி சிஸ்டர். டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள் வருவாரு. மத்த நாள்ல செல்வி சிஸ்டர்தான் ஆஸ்பத்திரி.

மொத நாள் பிரஷர் பாக்க ஒருத்தரு தலைப்பாவோட வந்து உக்காந்தாரு. அம்பது வயசிருக்கும். பேரு கேட்டேன், வில்லியம்னாரு. எனக்கு குஷி. பழைய சர்ச் குடும்பம் மாட்டிச்சுன்னு நோட்ட எடுத்து, "எந்த சர்ச்சுங்க நீங்க?"ன்னேன். அவரு தலைப்பாவ கழட்டினாரு. நெத்தி பூரா விபூதி. மனுஷன் மாரியம்மன் கோயில் பூசாரி! இவரு பொறக்கறப்போ அம்மாவுக்கு ரொம்ப மோசமாகி, அந்தப் பேருள்ள டாக்டர் ரெண்டு உசிரையும் காப்பாத்தினாராம். பேர அப்டியே வெச்சுட்டாங்க. அந்த ஊர்ல ரெண்டு எலிசபெத்து, ஒரு ரோஸி கூட இருக்காங்க. ஆடி மாசம் கூழ் ஊத்தறதே அந்த ரோஸிதான்.

எனக்கு மானம் போச்சு. நானும் இந்து வூட்டுப் பொண்ணுதான். மிஷன்ல படிக்கறதால, "மதம் மாறிட்டியா?"ன்னு ஊர்ல கேக்கறவங்கள எல்லாம் கடிச்சு வெச்சிருக்கேன். இப்ப நானே அதக் கேட்டுட்டு நிக்கறேன். வில்லியம் கோச்சிக்கல. "கும்புடறது ஆத்தாளத்தாம்மா. அந்த ஆத்தாளே எங்கம்மாவ அவருகிட்டதான் அனுப்பி வெச்சா, அதுக்கு நான் இன்னா பண்றது?"

நாலு தோளுக்கு நாப்பது பேரு

லேபர் ரூம்ல ஒரு இரும்பு பிரசவ மேஜை. பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சு, மூலையெல்லாம் மழுங்கி கெடக்குது. ஒருநாள் தொடைக்க நவுத்தப் பாத்தேன். அது நவுரல, என் இடுப்புதான் நவுந்துச்சு. "ரோடு வர்றதுக்கு முன்னாடி ஜனங்க டோலி கட்டி தூக்கினு வந்தது"ன்னாங்க செல்வி சிஸ்டர். டோலின்னா பல்லக்கு இல்லீங்க. ஒரு தடி மூங்கில், அதுல தொங்கற மாதிரி துணியோ கயிறோ கட்டுவாங்க, முன்னாடி ரெண்டு தோள், பின்னாடி ரெண்டு தோள். என் ரெண்டு பக்கம் கெடைச்சாச்சுன்னு, தூக்கினது யாருன்னு கேக்க கெளம்பினேன்.

மொத ஊர்ல தூக்கினவங்கன்னு நாலு பேரு சொன்னாங்க. அடுத்த ஊர்ல வேற நாலு பேரு. மூணாவது ஊர்ல, "எழுதிக்கோ"ன்னு ஒரு தெருவையே ஒப்பிச்சாங்க. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நாலு தோள் புடிக்கற கழிய நாப்பது பேரு எப்டி தூக்கினீங்க? வரலாறுன்னா வாய்க்கு வந்தத சொல்றதா? எல்லாம் பொய்யி!"ன்னு கத்திட்டேன்.

புளி தட்டினு இருந்த காசியம்மான்ற பொம்பள சுத்தியல கீழ போட்டுட்டு எழுந்தாங்க. செத்துப்போன அவங்க வூட்டுக்காரர் பேரும் அதுல இருந்திருக்குது. "எம் புருஷன் தோள்ல காய்ச்ச தழும்பு சாவறவரைக்கும் இருந்தது. நீ எழுதினாலும் இருந்தது, எழுதலன்னாலும் இருந்தது. போ, போயி உங்க பெரிய ஆஸ்பத்திரி சுவத்துல இருக்கற பேரப் பாத்து எழுதிக்க."

எறக்க மாட்டோம்

நாலு நாள்தான் பாக்கி. கைல ஒரு வரி இல்ல. ரெண்டு நாளா மழை வேற. காலைல போன் வந்தது: காசியம்மா ஊர்ல மல்லிகான்னு ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு, ரோட்ல மண்ணு சரிஞ்சு ஆம்புலன்ஸ் போவாது, டோலில தூக்கினு கெளம்பிட்டாங்க. வார்ட வுட்டு செல்வி சிஸ்டரால வர முடியாது. "நீ எதுருல போய் பாத்துனே கூட்டினு வா"ன்னு பைய குடுத்தாங்க. ஓடினேன்.

பாதி வழில டோலிய புடிச்சேன். முன் தோள்ல நம்ம வில்லியம். "கீழ வைங்க, பல்ஸ் பாக்கணும்"ன்னேன். "எறக்க மாட்டோம்"ன்னாரு. "ஏன்?" "பாடையத்தான் நடுவழில எறக்குவாங்க. உசுரோட தூக்கினா போய் சேர்ற எடத்துலதான் எறக்கணும். நீ பாரு, நாங்க நிக்கறோம்." நான் சயின்ஸ் பேசினேன், கத்தினேன். நாலு பேரும் தூண் மாதிரி நின்னாங்க. வேற வழியில்லாம நின்னுனே பல்ஸ் பாத்தேன், பிரஷர் பாத்தேன், வவுத்துல காத வெச்சு கொழந்தை துடிப்பக் கேட்டேன். டோலி ஒரு ஆட்டம் ஆடல. எங்க ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் இதவிட ஆடும்.

மறுபடியும் நடந்தப்போதான் பாத்தேன். பின்னாடி பத்து பன்னெண்டு பேரு சும்மா வர்றாங்கன்னு நெனைச்சேன். ஒரு தோள் அசந்தா பின்னாடிலருந்து ஒரு தோள் வந்து கழிக்கு அடில நொழையுது, அசந்தது வெளிய வருது. அடுத்த ஊர் எல்லைல இன்னொரு கூட்டம் தயாரா நிக்குது. கழி கீழ எறங்கவே இல்ல. எனக்கு மண்டைல யாரோ அடிச்ச மாதிரி இருந்தது. "யோவ் வில்லியம், அந்த இரும்பு மேஜையும் இப்டித்தானா? ஊருக்கு ஊர் தோள் மாத்தியா?"ன்னு அங்கயே நோட்ட எடுத்துட்டேன். டோலிக்குள்ளருந்து மல்லிகா போட்டா பாரு ஒரு சத்தம்: "ஏ நர்சக்கா, உன் கேள்வியெல்லாம் அப்புறம் கேளு, எனக்கு இடுப்பு வுட்டுப்போவுது!"

இரும்புக்கு நோவுமா

பொண்ணு. ரெண்டே முக்கால் கிலோ. அதே மேஜைல செல்வி சிஸ்டர் பிரசவம் பாத்தாங்க, கொழந்தைய கைல வாங்கினது நான்.

மறுநாள் மழைலயே காசியம்மா வூட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேக்கறது எனக்குப் பழக்கமில்ல, அதனால தப்புத் தப்பாத்தான் கேட்டேன். அவங்க மொகத்த திருப்பினே புளி தட்டினாங்க. நான் போவல. பக்கத்துல உக்காந்து கொட்டை எடுத்தேன். ஒரு கூடை முடிஞ்சப்புறம் அவங்களே பேர் சொல்ல ஆரம்பிச்சாங்க, ஊர் வாரியா, தோள் மாத்தின எடம் வாரியா. முந்தி பொய்யின்னு அடிச்ச அத்தன பேரையும் மறுபடி எழுதினேன். கை வலிச்சது.

ஒரு சந்தேகம் மட்டும் போவல. மேஜையையும் வழில எங்கயும் எறக்கலையாம். நோயாளின்னா சரி. வெறும் இரும்ப நடுவழில எறக்கி வெச்சு மூச்சு வாங்கினா இன்னா கொறைஞ்சா போயிடும்? கேட்டேன். காசியம்மா என்ன ஏற எறங்கப் பாத்தாங்க. "இரும்புக்கு நோவாதுதான். அதுமேல படுக்கப்போறவளுக்கு?"

போட்டோ

பதினஞ்சாவது நாள் மேட்ரன் மேடம் டேபிள்ல வெச்சேன். மூணு பக்கம். ரெண்டு பக்கம் கதை, ஒரு பக்கம் பூரா பேரு. மேடம் கண்ணாடிய கழட்டிட்டாங்க. ரெண்டு பக்கம்தான் எடம் இருக்காம், பேரையெல்லாம் எடுத்துட்டு "மலை மக்களின் ஒத்துழைப்போடு"ன்னு போட்டா போதுமாம். "மேடம், ஒத்துழைப்புன்றவன் எந்த ஊரு? அவன் தோள நான் பாக்கணும்"ன்னேன். போச்சு, இன்னிக்கு வூட்டுக்கு கம்ப்ளெயின்ட் லெட்டர் போவும்னு நின்னேன். மொத டாக்டரோட போட்டோ ஒரு முழுப் பக்கம் இருக்குது, அத அரைப் பக்கமாக்கினா பொடி எழுத்துல எல்லா பேரும் போவும்னு அதயும் சேத்தே சொல்லிட்டேன்.

மேடம் மறுபடி கண்ணாடிய போட்டு அந்தப் பேர் பக்கத்த மேலருந்து கீழ வரைக்கும் வெரல் வெச்சு படிச்சாங்க. ஒண்ண கூட வுடல. அப்புறம் சிவப்புப் பேனாவ எடுத்து, டாக்டர் போட்டோவுக்கு நடுவுல ஒரு கோடு போட்டாங்க. "அவரு கோச்சிக்க மாட்டாரு, மாட்டு வண்டி ஏறி அவரு வந்ததும் இவங்கள மாதிரி ஜனங்களுக்காகத்தான். அச்சுல ஒரு பேரு தப்பா வந்தாலும் நீதான் மலையேறிப் போயி வாங்கிக் கட்டிக்கணும்."

மூணு வருஷத்துல நான் சண்ட போட்டுத் தோத்தது எவ்ளவோ இருக்குது, ஆனா தோத்துட்டு ஹாஸ்டல் பூரா பீத்தினு திரியறது காசியம்மாகிட்ட தோத்ததுக்கு மட்டுந்தான்.