ஒரு படம் வெளிவரும் நேரம்

தங்கையின் கல்யாணத்துக்கு என்ன சேலை கட்டுவது என்று யோசிப்பதற்கு முன்பே, அன்று எங்கே நிற்பது என்று யோசித்து முடித்துவிட்டாள் புனிதா.

வயது முப்பத்து நான்கு. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு லோரி கம்பெனி அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. எந்த லோரி எத்தனை மணிக்கு எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று பதினோரு வருடமாகப் பட்டியல் போடுகிறவள். தன்னை எங்கே நிறுத்துவது என்பதற்கும் அவள் பட்டியல் போட்டதில் ஆச்சரியமில்லை.

மூத்தவள் இருக்க இளையவளுக்குக் கல்யாணம். மலர் தன் மாப்பிள்ளையைத் தானே பார்த்துக்கொண்டாள். நல்ல பையன், கிள்ளான்காரன். புனிதாவுக்கு இதில் துளி வருத்தம் கிடையாது. வருத்தம் கிடையாது என்பதை ஒருவரும் நம்பப் போவதில்லையே என்பதுதான் வருத்தம். நிச்சயதார்த்தத்தன்றே பார்த்துவிட்டாள். வந்த ஆன்டிகள் ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "ஒனக்கும் நேரம் வரும்மா" என்றார்கள். கேள்வி கேட்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தத் தலைச் சாய்ப்பைத்தான் தாங்க முடியவில்லை. சாவு வீட்டில் சாய்கிற அளவுக்குச் சாய்ந்தது.

ஆகவே கல்யாணத்தன்று கை ஓயாமல் வேலை இருக்க வேண்டும். பந்தி பரிமாறப் போனால் அம்மா விடமாட்டாள். வரவேற்பில் நின்றால் வருகிறவர்கள் எல்லாரும் கையைப் பிடிப்பார்கள். யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தாள்: போட்டோ பூத். வருகிறவர்கள் திரைக்கு முன்னால் நிற்பார்கள், தட்டைக் கணினி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் படமெடுக்கும், பிரிண்டர் அச்சடித்துத் தரும், வாங்கிக்கொண்டு சாப்பிடப் போவார்கள். நடுவில் புனிதா ஓர் இயந்திரத்தின் பாகம்போல நிற்கலாம்.

"கம்பெனிக்காரங்களயே கூப்பிட்டுக்கலாம் லா அக்கா," என்றாள் மலர். "நீ என் பக்கத்துல நில்லு."

"ஒன் பக்கத்துல நின்னா போட்டோவ யாரு பாத்துக்குறது?"

மலர் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அவர்களுடைய பிரிக்ஃபீல்ட்ஸ் ஃப்ளாட்டின் கூடம் ஒரு மாதத்துக்குப் பட்டறையாக மாறியது. பிளாஸ்டிக் குழாய்களை அறுத்து, முட்டுப் போட்டு, ஆள் உயரச் சட்டம் செய்தாள். மின்விசிறியைப் போட்டதும் சட்டம் அப்படியே நாற்காலிமேல் மயங்கி விழுந்தது. இரண்டு கால்களிலும் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டிய பிறகு நிமிர்ந்து நின்றது. திரைக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வெள்ளைத் துணி வாங்கி வந்தாள். வெள்ளையில் முகம் தெளிவாக விழும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அம்மா வீரம்மா அதைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்துவிட்டாள்.

"கல்யாணத்துக்கா, கருமாதிக்கா? எடு மொதல்ல."

மறுநாள் அதே கடையில் மாற்றி, மயில் கழுத்து நிறத்தில் ஒன்று எடுத்து வந்தாள். அம்மாவையே அதன் முன்னால் நிறுத்திச் சோதித்தபோது படத்தில் நெற்றிப் பொட்டும் பாதிக் கொண்டையும் மட்டும் விழுந்தன. "நான் இவ்வளவுதானா?" என்றாள் அம்மா. தட்டைக் கணினியை ஒரு சாண் கீழே இறக்கினாள் புனிதா.

பிரிண்டர் அலுவலகத் தோழி ஜரீனாவுடையது. சாப்பாட்டு டப்பா அளவில் இருந்தது. பேட்டரியில் ஓடும். கொடுக்கும்போது ஜரீனா ஒரே ஒரு எச்சரிக்கை செய்தாள்.

"பேப்பர் வெளிய வரும், திரும்ப உள்ள போவும். மொத்தம் நாலு தடவ. மொதல்ல மஞ்ச, அப்பறம் செவப்பு, அப்பறம் நீலம், கடைசில மேல ஒரு பாலிஷ். அதுக்குள்ள எவனாச்சும் இழுத்தான், அவ்ளோதான், சிக்கிக்கும்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு நிமிஷம் லா. ஒரு நிமிஷத்துல என்னா ஆயிடப் போவுது?"

புனிதாவும் அப்படித்தான் நினைத்தாள்.

கல்யாணம் கிள்ளானில், ஞாயிற்றுக்கிழமை காலையில். பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று பெண் வீட்டுக்காரர்களே மாப்பிள்ளை ஊரில் மண்டபம் எடுத்திருந்தார்கள். தாலி ஏறியதும் புனிதா மேடையிலிருந்து நழுவி, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் தன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். மூச்சு சீரானது.

முதலில் வந்தவர் செலாயாங் பாசாரில் காய்கறிக்கடை வைத்திருக்கும் தங்கமணி ஆன்டி. திரைமுன் நின்றார், சிரித்தார், படம் விழுந்தது. பிரிண்டர் முனகத் தொடங்கியது. பட்டியலில் விட்டுப்போனது அப்போதுதான் புனிதாவுக்கு உறைத்தது. அந்த ஒரு நிமிடம் தங்கமணி ஆன்டிக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. புனிதாவுக்கும் இல்லை. இருவரும் ஒரு சின்ன மேசையின் இரண்டு பக்கமும், ஒரு முழ இடைவெளியில், முகத்துக்கு முகம்.

காகிதம் மஞ்சளாக எட்டிப் பார்த்தது.

"அப்பறம்மா," என்றார் தங்கமணி ஆன்டி, "ஒனக்கு எப்போ?"

காகிதம் உள்ளே போயிற்று.

"பாக்குறாங்களா? இல்ல நீயே யாரையாச்சும்...?"

சிவப்பாக வந்தது. உள்ளே போயிற்று.

"மலரு சின்னவ. நீ மனசுல ஒன்னும் வச்சிக்காத, என்னா?"

நீலம் வந்தபோது தலை சாய்ந்தது. பாலிஷ் போடும்போது கையைப் பிடித்துவிட்டார்.

ஒளிந்துகொள்ள என்று ஒரு மாதம் பாடுபட்டு, ஊரிலேயே வசதியான விசாரணைக் கூண்டை அவளே கட்டி வைத்திருக்கிறாள். அதற்கு விளக்கும் போட்டு, பூவும் சுற்றியிருக்கிறாள். வரிசை வேறு நீண்டுகொண்டிருந்தது. எவரும் தப்பிப் போகப் போவதில்லை. ஆளுக்கு ஒரு நிமிடம்.

ஆறாவது ஆளுக்கு அப்புறம் பிரிண்டர் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. விசையை நோக்கி விரல்கூடப் போய்விட்டது. அப்போது வரிசையை இடித்துக்கொண்டு வள்ளியம்மா வந்தாள்.

வள்ளியம்மா அத்தை, அப்பாவின் அக்கா. குடும்பத்தில் எந்தக் கல்யாணமும் அவள் வாயில் புகுந்து வராமல் நடந்ததில்லை. கையில் எப்போதும் ஒரு பெரிய கறுப்புக் கைப்பை. புனிதா இந்த நாளில் அஞ்சிய அத்தனை பேரையும் ஒன்றாகக் கூட்டினாலும் அத்தை ஒருத்திக்கு ஈடாகாது.

"என்னாடி இது, நான் எங்க நிக்கணும்?"

நின்றாள். சிரிக்கச் சொன்னதற்குச் சிரிக்கவில்லை. படம் விழுந்தது. காகிதம் மஞ்சளாகத் தலை நீட்டிய அதே நொடி, அத்தைக்குத் தன் முகம் தெரிந்துவிட்டது.

"அய்யய்யோ, மஞ்ச காமால வந்தவ மாதிரி இருக்கேனே!"

சொல்லிக்கொண்டே பிடித்து இழுத்துவிட்டாள். பிரிண்டர் கிறீச்சென்று கத்தி, சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுபோனது. வரிசையில் சிரிப்பு. "கெழவி மெஷின கொன்னுடுச்சு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

புனிதா மூடியைத் திறந்து, மை நாடாவைக் கழற்றி, கிழிந்த காகிதத்தை மெல்ல எடுத்தாள். இந்த வேலையை அவள் பத்து முறை பழகியிருந்தாள். மறுபடி மூடி, மறுபடி அனுப்பினாள். நிமிர்ந்து பார்த்தால் அத்தை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளைபோல நின்றிருந்தாள். அத்தையை அப்படி இதுவரை எவரும் பார்த்ததில்லை. புனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தைரியத்தில், அத்தை வாயைத் திறப்பதற்குள் இவள் கேட்டுவிட்டாள்.

"ஒங்க கல்யாணத்துக்கு யாரு அத்த போட்டோ புடிச்சா?"

"போட்டோவா?" அத்தை மூக்கை உறிஞ்சினாள். "டவுன்லேருந்து ஒருத்தன் மோட்டார்ல வந்தான். புது ஹோண்டா. பன்னெண்டு படத்துக்குத்தான் பிலிம் இருக்குன்னான். ஒங்கப்பனும் அவன் கூட்டாளிங்களும் மோட்டார் பக்கத்துல நின்னு ஒம்போது படத்த எடுத்துட்டானுங்க. எனக்கு மூனு. அதுல ஒன்னுல ஒங்க மாமா கண்ண மூடிட்டாரு. கல்யாண ஆல்பத்த தொறந்தா பொண்ணு யாருன்னு கேப்ப. ஹோண்டாதான் பொண்ணு!"

வரிசை முழுக்கச் சிரித்தது. படம் நான்காம் முறையாக வெளியே வந்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

அதன் பிறகு புனிதா எவருக்கும் இடம் கொடுக்கவில்லை. பிரிண்டர் முனகியதும் முந்திக்கொண்டு கேட்டாள். அங்கிள், ஒங்க கல்யாணத்துல என்ன சாப்பாடு? ஆன்டி, அன்னிக்கு மழ பேஞ்சிச்சா? இவர்களை யாரும் இப்படிக் கேட்டதே இல்லை போலும். மஞ்சளில் தொடங்கியவர்கள் நீலத்திலும் முடிக்கவில்லை. படத்தை வாங்கிக்கொண்ட பிறகும் நின்று சொன்னார்கள். அத்தை சாப்பிடப் போகவில்லை. மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காகிதத்தை நோக்கி வரும் கைகளை எல்லாம் அடித்துக்கொண்டிருந்தாள். "இழுக்காத! நாலு தடவ போய் வரும். ஒனக்கு என்னா தெரியும் இதப் பத்தி?"

கூட்டம் ஓய்ந்தபோது மணி ஒன்றரை. அத்தை தனக்கு இன்னொரு படம் வேண்டும் என்றாள், இந்த முறை புனிதாவோடு. இருவரும் நின்றார்கள். பிரிண்டர் ஓடத் தொடங்கியது. அத்தை அவள் பக்கம் திரும்பினாள். கேட்பாள் என்று புனிதாவுக்குத் தெரிந்தது. முந்திக்கொள்ள ஒரு கேள்வியும் கைவசம் மிச்சமில்லை.

"ஒனக்கு மாப்ள பாக்கவா, வேணாமா? ரெண்டுல ஒன்னு சொல்லு."

தலை சாயவில்லை. கழுத்து நேராகத்தான் இருந்தது. கேள்வியின் இரண்டாவது பாதியை இன்றுவரை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை.

காகிதம் சிவப்பில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வேணாம் அத்த. இப்படியே நல்லாத்தான் இருக்கேன். வேணும்னு தோணுச்சுன்னா நானே வந்து சொல்றேன்."

நீலம் ஏறி முகங்கள் முகங்களாக மாறின. அத்தை கைப்பையைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் போட்டாள். புனிதாவின் ஜாதகம். பதினைந்து நகல்களாவது இருக்கும்.

"மூனு வருஷமா சொமந்துக்கிட்டுத் திரியிறேன். தோள் எலும்பே தேஞ்சு போச்சு. வேணாம்னா வேணாம்னு அன்னிக்கே சொல்றதுக்கு என்னா லா?"

"யாரும் கேக்கலியே அத்த."

"ஹ்ம்." அத்தை தோளைத் தடவிக்கொண்டாள். "சரி, போயி சாப்புடு. பாயாசம் தீந்துடப் போவுது. இத நான் பாத்துக்குறேன்."

பந்தியில் இரண்டு பெரியம்மாக்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. காலையில் என்றால் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிக்கோங்க பெரிம்மா" என்று அதில் உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்தாள். நல்ல பசி.