சவரிமுத்து என்பது தந்தையின் பெயர்

காலை ஜெபத்தை முடித்து எழுந்தபோது தொலைபேசி ஒலித்தது. கிளமெண்டியிலிருந்து ஸ்டெல்லா, மார்கரெட் அக்காவின் தங்கை மகள். "ஆன்ட்டி, பெரியம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே."

அவரை அறிந்தவர்களில் சிலரே மிஞ்சியிருக்கிறோம். அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் இறுதியில் அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். அங்கே வேதியியல் அதிகாரியாக இருந்த ஒரே பெண் எஸ். மார்கரெட். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் வளர்ந்தவர். மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்த அவருடைய தந்தை சவரிமுத்து, "பொம்பளப் பிள்ளைக்கு கெமிஸ்ட்ரி எதுக்கு? குழம்புக்கு உப்புப் போடவா?" என்று கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப மறுத்தவர். கான்வென்ட் தலைமைக் கன்னியாஸ்திரி வீடு தேடி வந்து பேசிய பிறகே இறங்கி வந்தார். பட்டமளிப்பு விழாவுக்கு அவர் போகவில்லை.

தேங்காய்ப்பாலை டின்னில் அடைத்தால் திரிந்துவிடும். திரியாமல் அடைக்கும் வழியை அக்கா பல வருடங்கள் தேடினார். ஒவ்வொரு முறையும் அந்தப் பாலில் மீன் குழம்பு வைத்து எங்கள் முன் வைப்பார். நாங்கள் ருசியைப் புகழத் தொடங்கினால் கோபம் வந்துவிடும். "ருசிய யார் கேட்டா? திரிஞ்சிருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க." ஒருநாள் திரியவில்லை.

அந்த ஆண்டு அவருக்கு விருது அறிவித்தார்கள். பாராட்டுரையைத் தட்டச்சு செய்தவள் நான். எஸ். மார்கரெட் என்றே அடித்தேன். தமிழ்ப் பெயர் வழக்கம் தெரியாத எங்கள் தலைவர் குடும்பப் பெயர் எங்கே என்றார். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, எஸ் என்பது தந்தையின் பெயர் என்று விளக்கினேன். "அப்படியானால் அதுதான் குடும்பப் பெயர்" என்று எஸ். மார்கரெட் மேல் கோடு போட்டுவிட்டு வெறும் சவரிமுத்து என்று எழுதினார்.

விழா மேடையில் "திரு. சவரிமுத்து" என்று அழைத்தார்கள். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு ஏறினார். சிறப்பு விருந்தினர் அவருக்குப் பின்னால் பார்த்து, உங்கள் கணவர் வரவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அது என் அப்பா. அவர் இறந்து வெகுகாலம் ஆகிறது" என்றார் அக்கா. அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பிழையைத் திருத்தும்படி தலைவரிடம் கேட்டார். தந்தைக்குப் பெருமைதானே என்றார் தலைவர். வெளியே வந்து என்னிடம், "பெருமை வேணும்னா அவரே கண்டுபிடிச்சிருக்கலாம் லா" என்றார் அக்கா.

அந்தப் பிழை விருதோடு போயிருந்தால் அக்கா தாங்கியிருப்பார். புக்கிட் தீமாவில் ஒரு தொழிற்சாலைக்கு அந்த முறையைக் கொடுத்தார்கள். இயந்திரங்களை அமைக்க சவரிமுத்துவை அனுப்பும்படி அங்கிருந்து கேட்டார்கள். அக்கா போனார். வாசலிலேயே மேலாளர், "மிஸ்டர் சவரிமுத்து எங்கே? அவர் வரட்டும் லா, நீங்க உட்காருங்க" என்றாராம். நான்தான் அவர் என்று அக்கா எவ்வளவோ சொல்லியும் உள்ளே விடவில்லை. மறுவாரம் தலைவர், அக்காவிடம் வேலை கற்ற ஓர் இளம் அதிகாரியை அனுப்பிவைத்தார். அந்த இளைஞர் தொழிற்சாலையிலேயே பெரிய பதவியில் அமர்ந்தார். தன் தேங்காய்ப்பால் இயந்திரத்தில் ஓடுவதை அக்கா ஒருநாளும் பார்க்கவில்லை. அங்கே அதற்கு 'சவரிமுத்து முறை' என்றே பெயர். பெண்ணுக்குக் கெமிஸ்ட்ரி எதற்கு என்று கேட்டவரின் பெயர்.

"உனக்கு நடந்த மாதிரி ஏன் கொதிக்கிற?" என்பார் என் காலஞ்சென்ற கணவர். நல்ல மனிதர். அவருக்கு அது புரியவில்லை.

அடக்கத்தன்று சவப்பெட்டியின் பித்தளைத் தகட்டைப் பார்த்தேன். மார்கரெட் சவரிமுத்து என்று பொறித்திருந்தார்கள். ஸ்டெல்லாவைப் பார்த்தேன். "ஐசி அடையாள அட்டைல அப்படித்தானே ஆன்ட்டி இருக்கு" என்றாள் பாவம். அவளைக் கடிந்துகொள்ள அது இடமில்லை.

மூடிய பெட்டியின் மேல் மலர் வைக்க என் முறை வந்தது. கொண்டுபோன வெள்ளை மலர்க்கொத்தைத் தகட்டின் வலதுபுறம் மட்டும் மறையும்படி வைத்தேன். நகராமல் இருக்கச் சற்று அழுத்தினேன். மார்கரெட் என்பது மட்டும் தெரிந்தது.

போய் வாருங்கள், அக்கா.